வெள்ளையாய் வந்த சோப்பு

அத்தியாயம் பதினொன்று

சாப்பாட்டு மேசை முழுக்க சோப்பு.

டீச்சர் ஒவ்வொரு கட்டியாக எடுத்துப் பழுப்புக் காகிதத்தில் சுற்றினாள். எதிரே உட்கார்ந்திருந்த மகள் அதைச் சணல் கயிற்றால் கட்டினாள். தட்டு வைக்க இடமில்லாமல் கணவர் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"மேனேஜர் மேடம், இந்த ஓரத்துல ஒரு டம்ளர் வெச்சுக்கலாமா? இல்ல, அதுக்கும் உங்ககிட்ட மனு போடணுமா?"

மகள் சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பாள். பத்தாம் வகுப்பின் சோப்பு கம்பெனிக்கு அவளை மேலாளராகத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்றுதான் பெயர்.

போன வாரம் தலைமையாசிரியர் டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் அந்த மேசையைச் சுற்றியே நின்றது.

"அறக்கட்டளையிலேர்ந்து வர்றாங்க. அவங்க பணத்துலதான் இந்தப் பாடம் ஓடுது. பாத்துட்டுப் போய்த்தான் அடுத்த வருஷம் உண்டா இல்லையான்னு சொல்வாங்க. பாடம் உண்டுன்னா நீங்களும் உண்டு. இல்லைன்னா..."

அவர் முடிக்கவில்லை. டீச்சரும் கேட்கவில்லை. அவள் எதையும் திரும்பக் கேட்கிறவள் அல்ல.

'நீடித்த தொழில்முனைவு' என்பது பாடத்தின் பெயர். பேரைச் சொல்லவே மூச்சு வாங்குது என்று கணக்கு ஆசிரியர் ஒதுங்கிக்கொண்டார். வேதியியல் படித்துவிட்டுத் தற்காலிக வேலையில் இருந்த டீச்சர் மட்டும், ஆசிரியர் கூட்டத்தில் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கையைத் தூக்கினாள்.

முதல் வகுப்பில் அவள் ஒரு பாட்டிலைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள். உள்ளே கறுப்பாக எண்ணெய். கணவரின் சிப்ஸ் கடையில் பொரித்துப் பொரித்துத் தீர்ந்தது. சாக்கடைக்குப் போக வேண்டியது.

"இது குப்பையா, சரக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வியிலிருந்து பிள்ளைகள் சோப்பு கம்பெனியை உண்டாக்கினார்கள். முதல் முறை வந்த சோப்பு சேற்று நிறத்தில் இருந்தது. கையைக் கழுவினால் கையில் சிப்ஸ் வாசனை அடித்தது. பெற்றவர்கள் பாவம் பார்த்து வாங்கினார்கள். இரண்டாம் முறையிலிருந்து சோப்பு வெள்ளையாக வந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூட வாசலில் அதை வைத்த வேகத்தில் காலியானது.

"இனிமே வடிகட்டுற வேலையைக் கடையிலயே முடிச்சிடுறோம் மிஸ். உப்புத் தண்ணியில கொதிக்க வெச்சு, ராத்திரி முழுக்கத் தெளிய விட்டுடுவோம்" என்று மகள் வகுப்பில் எழுந்து சொன்னபோது டீச்சருக்குப் பெருமையாக இருந்தது. மற்றவர்களையும் கைதட்டச் சொன்னாள்.

"நான் இன்னைக்கு வரல" என்றார் கணவர், தட்டைக் கழுவிக்கொண்டே.

"பெத்தவங்க எல்லாரும் வரணும்னு சொல்லியிருக்காங்களே."

"கடையில வேலை இருக்கு. அக்கா வருவா. சிப்ஸ் குடுக்க."

"சிப்ஸா?"

"உங்க ஹெச்.எம். சொல்லிவிட்டிருக்கார். வர்றவங்களுக்கு டீயோட நம்ம கடை சிப்ஸாம். பசங்க கம்பெனிக்கு நாமதானே சப்ளையர். பெருமையா இருக்கும்ங்கறார்."

மகள் சட்டென்று நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் குழாயைப் பார்த்தபடி நின்றார். தட்டு எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. தண்ணீர் மட்டும் ஓடியது.

டீச்சருக்கு மனதில் வேறொன்று ஓடியது.

"மேனேஜர், ஒரு யோசனை. ஒரு பாட்டில்ல பழைய எண்ணெய், பக்கத்துல தெளிய வெச்சது, அதுக்குப் பக்கத்துல சோப்பு. வரிசையா வெச்சுட்டா யாரும் ஒண்ணும் பேசவே வேண்டாம். பாத்தாலே புரியும்."

"வேணாம்மா. சார்ட்லயே வரைஞ்சிருக்கோம்."

"வரைஞ்சதும் நேர்ல பாக்குறதும் ஒண்ணா?"

"கொட்டிடும்மா."

"மூடி இருக்கே."

மகள் கயிற்றை இழுத்த இழுப்பில் அது அறுந்தது.

"நான் போற வழியில கடையில வாங்கிக்கிறேன். நீ கிளம்பு" என்றாள் டீச்சர்.

*

கணவர் உருளைக்கிழங்கு எடுக்கச் சந்தைக்குப் போயிருந்தார். கடையில் அவருடைய அக்கா மட்டும் கடாய்க்கு முன்னால் நின்றாள். ஒரு கையில் ஜல்லிக்கரண்டி, மறு கையில் போன்.

"வாங்க டீச்சர். இன்னைக்கு என்ன, இந்தப் பக்கம் காத்து வீசுது? முகத்துல பவுடரெல்லாம் தெரியுது."

"அண்ணி, பழைய எண்ணெய் ஒரு பாட்டில் வேணும்."

"எடுத்துக்கோ. உன் கண்ணு முன்னாடிதான் கொதிக்குது."

"இது இல்ல அண்ணி. மாத்தி எடுத்து வெச்சிருப்பீங்களே. பசங்களுக்குக் குடுக்குறது."

அண்ணி போனைக் கீழே வைத்தாள். டீச்சரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, நிஜமாத்தான் கேக்குறியா? இல்ல எனக்குப் பரீட்சை வைக்கிறியா?"

"ஏன்?"

"பசங்களுக்குப் போறது அதோ."

மூலையில் ஒரு டின் இருந்தது. மூடியில் ஒட்டிய முத்திரை பிரிக்கப்படவில்லை.

"அது புதுசு அண்ணி."

"புதுசுதான். பழசுல போட்டா சோப்பு சேறு மாதிரி வருது, யாரும் தொட மாட்டேங்கறாங்கன்னு மேனேஜர் ஒரே அழுகை. அதனால புதுசு அங்க போகுது. பழசு இங்க இருக்குது. என் தம்பி உக்காந்து யோசிச்சுக் கண்டுபிடிச்ச வழி. உனக்காகத்தானே எல்லாம்? உனக்குத் தெரியாதுன்னு சொன்னா நான் நம்பணுமா?"

டீச்சர் கடாயின் அருகே போனாள்.

அண்ணி உருளைக்கிழங்கு வில்லைகளைப் போட்டதும் எண்ணெய் நுரைத்தது. நல்ல எண்ணெயில் நுரை பெரிதாக எழுந்து உடனே அடங்கும். இதில் அது பொடிப்பொடியாகக் கிளம்பி, விளிம்புவரை ஏறி, அங்கேயே நின்றது. எண்ணெய் காய்ந்து காய்ந்து கெட்டுப்போனால் அப்படித்தான் நிற்கும். அதை அவள் கல்லூரியில் படித்திருக்கிறாள். பரீட்சையில் எழுதியிருக்கிறாள்.

"முன்னெல்லாம் கறுக்க ஆரம்பிச்சதும் இறக்கிடுவீங்களே அண்ணி."

"இறக்குவோம். இப்ப இறக்கினா கடாய்ல என்னத்த ஊத்தறது? புதுசுதான் பள்ளிக்கூடம் போய்ப் படிக்குதே." அண்ணி தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள்; சிரிப்பு இருமலில் முடிந்தது. "கொஞ்சம் புகையும். அதனால என்ன? உப்பு ஒரு கை கூடப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

டீச்சர் காலி பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

வெள்ளைச் சோப்பை அவள் எத்தனையோ முறை கையில் எடுத்திருக்கிறாள். நிறுத்துப் பார்த்திருக்கிறாள். நுரையைச் சோதித்திருக்கிறாள். ஒரு முறைகூட மோந்து பார்க்கவில்லை. எவ்வளவு தெளிய வைத்தாலும் பொரித்த வாசனை முழுதாகப் போகாது. அந்த வெள்ளையை அவள் நம்ப விரும்பினாள், அவ்வளவுதான்.

பிள்ளைகள் நல்ல எண்ணெயைச் சோப்பாக்கிக்கொண்டிருந்தார்கள். கெட்ட எண்ணெயை ஊர் தின்றுகொண்டிருந்தது. அதற்கு அவள் கைதட்டச் சொல்லியிருந்தாள்.

*

ஆய்வகத்தை ஒட்டிய சின்ன அறையில் சோப்புகளை உலர வைக்கும் மரத் தட்டிகள் இருந்தன. டீச்சர் மகளை அங்கே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"கடைக்குப் போனேன்."

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். பயந்த மாதிரி தெரியவில்லை. ரொம்ப தூரம் நடந்து வந்தவள் மாதிரி இருந்தாள்.

"எப்போலேர்ந்து?"

"ரெண்டாவது தடவையிலேர்ந்து மிஸ்."

"இங்க யாரும் இல்ல. அம்மான்னு கூப்பிடு."

"ஸ்கூல்ல மிஸ்னுதான் கூப்பிடணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஏன்டி இப்படிப் பண்ணின?"

"யாரும் வாங்கல. வாசல்ல நாள் பூரா நின்னோம். ஒரு ஆன்ட்டி எடுத்து மோந்து பாத்துட்டு, 'இதை வெச்சுக் கழுவினா அப்பறம் கையைக் கழுவ வேற சோப்பு வேணும்'னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. என் டீம்ல உள்ளவங்களே சிரிச்சாங்க."

"அதனால?"

"வாங்குறவங்க என்ன சொல்றாங்கன்னு காது குடுத்துக் கேளுங்கன்னு போர்டுல எழுதிப் போட்டது யாரு? நான் கேட்டேன். அவங்க வெள்ளையா வேணும்னாங்க."

"கழிவைக் குறைக்கணும்னும் எழுதினேனே."

"எழுதினீங்க. விற்பனைக்கு நாப்பது மார்க். கழிவுக்குப் பத்து." மகள் சுவரிலிருந்து விலகி நிமிர்ந்தாள். "நீங்க போட்ட மார்க்தான் மிஸ். நாங்க நாப்பது பக்கம் போனோம்."

டீச்சர் தட்டியைப் பிடித்துக்கொண்டாள். அந்த மதிப்பெண் பட்டியலை ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போடும் நேரத்துக்கு நடுவே அவள் எழுதினாள். கூட்டினால் நூறு வர வேண்டும் என்பதைத் தவிர அன்று அவள் வேறெதையும் யோசிக்கவில்லை.

"அப்பா எப்படி ஒத்துக்கிட்டார்?"

"அப்பா எதுக்குத்தான் ஒத்துக்க மாட்டார்?"

கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்கள்.

"இப்ப நான் மேடையில போய் என்ன சொல்றது மிஸ்?"

இதுதான் அந்த நேரம். ஆசிரியராகச் சொல்ல ஒரு பதில் இருந்தது. அது டீச்சரின் தொண்டைவரை வந்தது. பிறகு தலைமையாசிரியர் முடிக்காமல் விட்ட வாக்கியம் நினைவுக்கு வந்தது.

"இன்னைக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. "எழுதி வெச்சதைப் பேசிட்டு இறங்கு. இன்னைக்கு முடியட்டும். நாளைக்கு எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்."

மகள் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

"சரிம்மா" என்றாள்.

*

அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இன்னொருவர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை நடத்துகிற அம்மா. பெரிய உடம்பு, சின்னக் கண்ணாடி. பேசுகிறவர்களை அவர் நேராகப் பார்த்தார்.

மகள் நன்றாகப் பேசினாள். கறுத்த எண்ணெய் சாக்கடையில் போனால் என்ன ஆகும், அதையே சோப்பாக்கினால் என்ன ஆகும் என்று படம் காட்டினாள். தடுமாறவே இல்லை. அதைத்தான் டீச்சரால் பார்க்க முடியவில்லை.

பேச்சு முடிந்து கைதட்டலும் ஓய்ந்தபோது பக்கவாட்டுக் கதவு திறந்தது. அண்ணி உள்ளே வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். கையில் பெரிய தட்டம். ஒவ்வொரு விருந்தினர் முன்னாலும் ஒரு தட்டுச் சிப்ஸை வைத்தாள். "சூடா இருக்கு, எடுத்துக்கோங்க. புள்ளையோட அப்பா கடைதான்" என்று மெதுவாகச் சொன்னது கடைசி வரிசைவரை கேட்டது. வேலை முடிந்ததும் சுவரோரம் நின்றுகொண்டாள். தம்பி மகள் மேடையில் நிற்பதைப் பார்க்கும் ஆசை.

பெட்டிக்கார அம்மா தட்டைத் தொடவில்லை. ஒரு சோப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு பாப்பா. நான் ஒரு கேள்விதான் கேக்கப்போறேன். நாளைக்கே இதுக்கு ரெண்டு மடங்கு ஆர்டர் வருதுன்னு வை. அவ்வளவு பழைய எண்ணெய்க்கு எங்க போவ?"

சாதாரணக் கேள்வி. வியாபாரம் செய்கிற யாரும் முதலில் கேட்பது. டீச்சர்தான் ஒரு வருடமாக அதைக் கேட்கவில்லை.

மகளின் கண்கள் கூட்டத்தில் அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்தன.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கிடைக்காது" என்றது மேடையிலிருந்து ஒரு சின்னக் குரல். "இப்பவே கிடைக்கல. அதாவது... இது பழைய எண்ணெய் இல்ல. புது எண்ணெயில செஞ்சது. என் டீம்ல மத்தவங்களுக்குத் தெரியாது. நான்தான் மாத்தினேன்."

கூடம் முழுக்க ஒரு மூச்சு உள்ளே போனது. தலையாட்டுபவர் தலையை நிறுத்தினார். தலைமையாசிரியர் எழுந்தார், உட்கார்ந்தார்.

பெட்டிக்கார அம்மாவுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி. சொன்னியே, அது பெரிய விஷயம். அப்போ அந்தப் பழைய எண்ணெய் என்ன ஆச்சு?"

மகள் சுவரோரம் நின்ற அத்தையைப் பார்த்தாள். தட்டுகளைப் பார்த்தாள்.

"கொட்டிட்டோம்."

"எல்லாத்தையுமா?"

"ஆமா மேடம்."

பெட்டிக்கார அம்மா பெருமூச்சு விட்டார். ஏதோ யோசனையில், பார்க்காமலே, கையைத் தட்டுப் பக்கம் நீட்டினார்.

"சாப்பிடாதீங்க."

யார் சொன்னது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தான் எழுந்து நிற்பது அப்போதுதான் டீச்சருக்கே தெரிந்தது. காது இரண்டும் சூடாகிவிட்டன.

"அந்த எண்ணெய் அதுலதான் இருக்கு" என்றாள்.

"ஏ டீச்சர்!" என்று அண்ணி கத்தினாள்.

மேடையில் மகள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

*

தலைமையாசிரியரின் அறை வாசலில் டீச்சர் வெகுநேரம் காத்திருந்தாள். உள்ளே விருந்தினர்களின் குரல் ஏறியது, இறங்கியது. கடைசியில் எழுத்தர் வந்து, "சார் அப்பறம் பாத்துக்கறாராம். நீங்க போகலாமாம்" என்றார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவள் கடைக்கு வந்து சேர்வதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. அண்ணி கொண்டுவந்திருப்பாள். அடுப்பு அணைந்திருந்தது. கணவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மகள் உள்ளே உருளைக்கிழங்கு மூட்டைமேல், சீருடையோடு. அண்ணி வாசலிலேயே நின்றாள்.

"வாம்மா மகராசி. புருஷன் கடையில மண்ணு அள்ளிப் போட்டாச்சு. இன்னும் என்ன மிச்சம் இருக்குன்னு பாக்க வந்தியா?"

"அக்கா, நீ வீட்டுக்குப் போ" என்றார் கணவர்.

"நான் ஏன்டா போகணும்? நான் என்ன..."

"போ அக்கா."

அண்ணி போனாள். தெருமுனை திரும்பும்வரை அவள் பேசிக்கொண்டே போனது கேட்டது.

டீச்சருக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. தராசுப் பக்கம் ஒதுங்கி நின்றாள்.

"அவங்க வாயில வைக்கப் போனாங்க. என்னால முடியலைங்க."

"தினமும் வர்றவங்க வாயில வெச்சாங்களே" என்றாள் மகள். தலையைத் தூக்கவில்லை. "நானும்தான் தின்னேன். அது உனக்குத் தெரியாது, சரி. காலையில தெரிஞ்சுதே? ஏன் அப்பவே அடுப்பை அணைக்கச் சொல்லல? நேரா என்கிட்ட வந்து, இன்னைக்கு முடியட்டும்னு சொன்ன."

"மேனேஜர்..." என்றார் கணவர்.

"அப்படிக் கூப்பிடாதப்பா. என் தப்பை நான் சொன்னேன். உன்னை விட்டுட்டுத்தான் சொன்னேன். இவங்க எழுந்து நின்னு உன்னை மட்டும் சொன்னாங்க. இவங்க பேரு எங்கேயாவது வந்துச்சா?"

டீச்சர் தராசுத் தட்டில் ஒட்டியிருந்த உப்பை விரலால் துடைத்தாள். மகள் சொன்னது எல்லாமே சரிதான்.

"நான் ஒண்ணும் விஷம் விக்கல" என்றார் கணவர் மெதுவாக. "இந்தத் தெருவுல யாரைக் கேட்டாலும் இப்படித்தான்..."

"நீங்க அப்படி இல்லைங்க. அதனாலதானே உங்க கடைக்கு வந்தாங்க."

அவர் நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த துணியைச் சுருட்டினார், பிரித்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீ சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, 'ம்', 'சரி', 'இல்ல' இவ்வளவுதான் பேசுவ. இந்தப் பாடம் எடுக்க ஆரம்பிச்சப்பறம் வாசல்லயே ஆரம்பிப்ப. பசங்க அதைச் சொன்னாங்க, இதைக் கேட்டாங்கன்னு. செருப்பைக் கழட்டக்கூட மறந்துட்டுப் பேசுவ. அது நின்னுடக் கூடாதுன்னு நினைச்சேன். எண்ணெய்தானேன்னு இருந்துட்டேன்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசியும் வெகுநாள் ஆகியிருந்தது.

வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. தலைமையாசிரியர் இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார். அந்தச் சின்னக் கடையில் அவரால் எங்கேயும் உட்கார முடியாது. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க. ஆனா நாளைக்குக் காலையில அறக்கட்டளைக்கு நான் பதில் சொல்லியாகணும். அந்த அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க. இந்த மாத்துற யோசனை யாரோடது?"

"எதுக்கு சார் அது?" என்றாள் டீச்சர்.

"கடைக்காரர் யோசனைன்னா, பசங்க ஏமாந்துட்டாங்கன்னு ஆகும். பாடம் தப்பிக்கும். உங்க வேலையும் தப்பிக்கும். ஆனா கடையைப் பத்தி நகராட்சிக்குச் சொல்லாம என்னால இருக்க முடியாது. பூட்டுப் போட்டாலும் போடுவாங்க." அவர் மூட்டைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பாப்பாவோட யோசனைன்னா, இந்தப் பாடம் புள்ளைங்களுக்கு இதைத்தான் கத்துக்குடுத்ததுன்னு ஆயிடும். அதோட முடிஞ்சுது. பாப்பா பேர்லயும் நடவடிக்கை எடுக்கணும். பரீட்சை வருஷம் வேற."

"நான்தான்" என்றார் கணவர்.

"நான்தான்" என்றாள் மகள்.

இரண்டும் சேர்ந்தே வந்தன. தலைமையாசிரியர் இவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஒருத்தர்தானே இருக்க முடியும்?"

"அவ சின்னப் பொண்ணு சார். அவளுக்கு என்ன தெரியும்? நான்தான் சொன்னேன்."

"இல்ல சார். அப்பாவுக்கு இதுல சம்பந்தமே இல்ல. எங்க அப்பாவா யோசிச்சுச் செய்யறவர்? நாங்க சொன்னதைச் செய்வார்."

தலைமையாசிரியர் டீச்சரின் பக்கம் திரும்பினார். "இவங்க ரெண்டு பேரையும் என்னை விட உங்களுக்குத்தான் தெரியும். காலையில நீங்க வந்து சொல்லுங்க. நீங்க சொல்றதை நான் அப்படியே சொல்லிடறேன்."

ஸ்கூட்டர் கிளம்பிப் போனது.

கணவர் எழுந்து ஷட்டரை உள்ளிருந்தே இழுத்துவிட்டார். கடை இருண்டது. அடியில் கோடாக மட்டும் வெளிச்சம். அணைந்த கடாயிலிருந்து இன்னும் அந்த வாசனை வந்தது.

கணவரின் யோசனை என்று அண்ணியும் காலையில் சொன்னாள். தன் யோசனை என்பதுபோல மகள் பள்ளியில் சொன்னாள். கணவர், மகள் இருவரில் யார் சொன்னதை நம்பினாலும் மற்றவர் பொய் சொல்கிறார். பதினாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். யாருடைய பொய் எப்படி இருக்கும் என்று டீச்சருக்குத் தெரியவில்லை.

"ஹெச்.எம்.முக்கு எதை வேணா சொல்லிக்கலாம்" என்றாள். "எனக்கு நிஜத்தைச் சொல்லுங்க. யாரு முதல்ல சொன்னது?"

ஷட்டரை யாரோ தட்டினார்கள். "என்னங்க, கடை இல்லையா?"

"இல்லைங்க" என்றார் கணவர். தட்டியவர் தயங்கி நின்றுவிட்டுப் போனார்.

மூட்டைமேலிருந்து மகள் இறங்கினாள்.

"அம்மா, முதல்ல வந்து... நானும் இல்ல, அப்பாவும்..."

"வாயை மூடு!"

டீச்சர் திடுக்கிட்டாள். இருட்டில் கணவரின் முகம் தெரியவில்லை. ஆனால் மகளிடம் அந்தக் குரலில் அவர் பேசி அவள் கேட்டதே இல்லை.